பினாங்கு வந்தாச்சா? சாப்பாட்டை இப்படி ஆரம்பிங்க

மலேசியாவுல, பினாங்குத் தீவோட பயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஏரியாவுக்கு வேலைக்கு வர்ற நம்ம ஊர் பசங்க முதல் ஒரு மாசம் என்ன பண்றாங்கன்னா, மால்ல ஃபுட் கோர்ட்ல ஒரு ஃப்ரைட் ரைஸ், ரூம்ல மேகி, சனிக்கிழமை ஆனா லிட்டில் இந்தியாவுல ஒரு மசால் தோசை, அவ்ளோதான். நானும் அப்படித்தான் இருந்தேன், அதனால யாரையும் கிண்டல் பண்ணல. ஆனா கேஎல்லருந்தும் (கோலாலம்பூரை இங்க அப்படித்தான் சொல்லுவாங்க) சிங்கப்பூர்லருந்தும் சாப்பிடறதுக்குன்னே ராத்திரி முழுக்க காரை ஓட்டிட்டு வர்றாங்க இந்தத் தீவுக்கு, அங்க உக்காந்துக்கிட்டு மேகி கிண்டுறது கொஞ்சம் அநியாயம்தான்.

புதுசா வர்றவங்க இங்க மாட்டிக்கிறது ரெண்டு எடத்துல. ஒண்ணு நேரம். மத்தியானம் ஒரு மணிக்கு வெயில்ல வேர்த்து விறுவிறுத்துப் போய் ராத்திரிக் கடை முன்னாடி நிப்போம், கவுத்துப் போட்ட ஸ்டூல் மட்டும்தான் இருக்கும். இன்னொண்ணு வார்த்தை. என்ன கேக்கணும்னு தெரியாம விரலை நீட்டிக் காட்டிட்டு அப்புறம் பில்லைப் பாத்து முழிக்கிறது. இந்த ரெண்டையும் சரி பண்ணிட்டா போதும், மீதியை உங்க மூக்கே கண்டுபிடிச்சுக்கும்.

முதல்ல, டீ கேக்கக் கத்துக்கங்க

சிரிக்காதீங்க, இதுதான் முதல் பாடம். இங்க "டீ" ன்னா மட்டும் போதாது. "தே" ன்னு சொன்னீங்கன்னா கண்டென்ஸ்ட் மில்க் ஊத்தி சர்பத் மாதிரி தித்திக்கத் தித்திக்க வரும். "தே ஓ" ன்னா பால் இல்லாம சர்க்கரை மட்டும். "தே ஓ கோசோங்" ன்னா பாலும் இல்ல சர்க்கரையும் இல்ல, கோசோங்னா காலி, வெறும்னு அர்த்தம். "தே சி" ன்னா கெட்டியாக்கின டின் பால், நம்ம வாய்க்கு இதுதான் கொஞ்சம் பக்கத்துல வரும். இதே பாடத்தை "கோப்பி"க்கும் போட்டுக்கங்க, கோப்பி, கோப்பி ஓ, கோப்பி சி. கடைசில "ஐஸ்" சேத்தா ஐஸ் போட்டு வரும், சீனக் கடைல அதையே "பெங்" ன்னு சொல்லுவாங்க. எல்லாத்துக்கும் மேல ஒரு மந்திரம் இருக்கு, "கூராங் மானிஸ்", இனிப்பு கம்மின்னு அர்த்தம். இதைச் சொல்லலன்னா ஒரு வாரத்துல சுகர் செக் பண்ணப் போக வேண்டியதுதான்.

தே தாரிக் மட்டும் தனி. தாரிக்னா இழுக்கிறது. நம்ம ஊர் டீ மாஸ்டர் ஒரு கையைத் தலைக்கு மேல தூக்கி ஆத்துவாரே அதேதான், நுரை கட்டி வரும். மாமாக் கடைல குடிக்கணும் இதை. மாமாக்னா இங்க தமிழ் முஸ்லிம் ஆளுங்க, நம்ம "மாமா" தான் இங்க வந்து அப்படி ஆயிருச்சுன்னு சொல்லுவாங்க. ஆர்டர் எடுக்க வர்றவரை மலாய்க்காரரும் சீனரும்கூட "அண்ணே"ன்னு தான் கூப்பிடுவாங்க, இல்லன்னா "பாஸ்". நீங்க தாராளமா தமிழ்லயே "அண்ணே, ஒரு தே தாரிக் கூராங் மானிஸ்"னு சொல்லலாம், பாதிக் கடைல பதிலும் தமிழ்லயே வரும்.

பார்சல்னா "புங்குஸ்". டீயையும் ஜூஸையும் பிளாஸ்டிக் பைல ஊத்தி ஓரத்துல ஒரு கயிறு கட்டி ஸ்ட்ரா சொருகித் தருவாங்க, விரல்ல மாட்டிக்கிட்டே நடக்கலாம், அதுக்குப் பேரு "ஈக்காட் தெப்பி". கடை மூடிட்டா "தூத்தூப்", தீந்துருச்சுன்னா "ஹாபிஸ்", எவ்ளோன்னு கேக்க "பெராப்பா". இங்க தமிழ் ஆளுங்க ரிங்கிட்டை வெள்ளின்னு தான் சொல்லுவாங்க, "எட்டு வெள்ளி தம்பி"ன்னா எட்டு ரிங்கிட். அப்புறம் யாராவது காலைல "பசியாறியாச்சா?"ன்னு கேட்டா டிபன் ஆச்சான்னு கேக்கறாங்க, குழம்பாதீங்க.

காலைல, கோப்பித்தியாம்

கோப்பித்தியாம்னா காபிக் கடை, ஆனா நாம நினைக்கற மாதிரி ஒரே முதலாளியோட கடை இல்ல. கடைக்காரர் விக்கறது குடிக்கறது மட்டும், சுத்தி நிக்கற வண்டிங்க ஒவ்வொண்ணும் வேற வேற ஆளோடது. அதனால முறை என்னன்னா, முதல்ல ஒரு டேபிளைப் பிடிங்க, டேபிள் நம்பரைப் பாத்து வச்சுக்கங்க, அப்புறம் எழுந்து போய் வண்டில சொல்லிட்டு நம்பரைக் காட்டிட்டு வந்து உக்காருங்க, சாப்பாடு வந்ததும் அந்தந்த ஆளுக்கே காசைக் கொடுத்துருங்க. குடிக்க ஏதாவது ஒண்ணு கட்டாயம் வாங்கணும், எடத்துக்கு வாடகை மாதிரி அது, சில கடைல வாங்கலன்னா தனியாவே சார்ஜ் பண்ணுவாங்க. கூட்டமா இருந்தா தெரியாதவங்க டேபிள்லயே உக்காரலாம், தப்பே இல்ல, "போலே டூடோக் சினி?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு உக்காருங்க.

காபி கருகருன்னு இருக்கும், கொட்டையை வறுக்கும்போதே சர்க்கரையும் மார்ஜரினும் போட்டு வறுக்கறாங்க. கும்பகோணம் டிகிரி காபியை மனசுல வச்சுக்கிட்டுக் குடிச்சா ஏமாந்துருவீங்க, இது வேற ஜாதி. கூட காயா தடவின ரொட்டி வாங்குங்க. தேங்காப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேத்துக் கிளறின ஜாம் தான் காயா, பாண்டான் இலை வாசனையோட. கேம்பல் ஸ்ட்ரீட் பக்கத்து சந்துல தோ சூன் கடைல இன்னும் கரி அடுப்புலதான் ரொட்டியைச் சுடறாங்க, கூட்டம் இருக்கும், நின்னு சாப்பிட்டுட்டு வாங்க.

சீனச் சாப்பாடு வேணாம்னா நாசி லெமாக், ரொட்டி சானாய். நாசி லெமாக்னா தேங்காப்பால்ல வெந்த சோறு, சம்பல்ங்கற மிளகாய் விழுது, நெத்திலி, ஒரு துண்டு முட்டை, வாழையிலைல சின்னதா மடிச்சு இருக்கும், நம்ம சைஸுக்கு ரெண்டு மூணு வாங்கினாத்தான் வயிறு கேக்கும். ரொட்டி சானாய் நம்ம பரோட்டாவுக்குத் தங்கச்சி. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூணையும் சேத்து மலேசியாவோட காலைச் சாப்பாட்டுப் பழக்கத்தை 2024 டிசம்பர்ல யுனெஸ்கோ தன்னோட பட்டியல்ல சேத்துச்சு.

பைக்ல பின்னாடி பெட்டி கட்டிக்கிட்டு ஹாரன் அடிச்சுட்டு ஒருத்தர் வந்தா நிறுத்துங்க. "புத்து மாயம்"னு சொல்லுவாங்க, தொறந்தா நம்ம இடியாப்பம். ஆனா குருமாவும் கிடையாது சொதியும் கிடையாது, தேங்காத்துருவலும் நாட்டுச் சர்க்கரையும்தான். ஆப்பத்துக்கும் இங்க "அப்போம்"னு பேரு.

மத்தியானம், நாசி கண்டார். இங்கதான் நிதானம் வேணும்

தோள்ல ஒரு கம்பு, ரெண்டு முனைலயும் கூடை, ஒண்ணுல சோறு ஒண்ணுல கறி. நம்ம காவடி தூக்கற மாதிரிதான். கடையநல்லூர், ராமநாதபுரம் பக்கத்துலருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் அப்படித் தூக்கிட்டுப் போய் துறைமுகத்துல மூட்டை தூக்கறவங்களுக்கு வித்த சோறுதான் இது. அந்தக் கம்புக்குத்தான் மலாய்ல கண்டார்னு பேரு. இன்னைக்கு மலேசியா பூராவும் இது கிடைக்குது, ஆனா பினாங்குல சாப்பிட்டவங்க மத்த ஊர்ல சாப்பிட்டா ஏதாவது ஒரு குறை சொல்லிக்கிட்டே இருப்பாங்க. இப்ப நானும் சொல்றேன்.

எப்படிச் சாப்பிடறதுன்னு வரிசையா சொல்றேன். வரிசைல நின்னு கவுண்டர் வந்ததும் "மாக்கான் சினி" (இங்கயே சாப்பிடறேன்) இல்லன்னா "புங்குஸ்" சொல்லுங்க. தட்டுல வெள்ளைச் சோறு விழும். அப்புறம் ஒரே ஒரு பெரிய ஐட்டம் சொல்லுங்க, கோழி வறுவலோ கணவாயோ மீனோ, அதோட ஒரு காய், வெண்டைக்கா இருந்தா வெண்டைக்கா, முட்டைக்கோஸ் இருந்தா அது. கடைசில குழம்பு. இதுல ஒரு குழம்பு மட்டும் ஊத்தினா அது நாசி கண்டாரே இல்ல, "கூவா ச்சம்பூர்"னு சொல்லணும், கலந்து ஊத்துங்கன்னு அர்த்தம். அவர் நாலஞ்சு சட்டிலருந்து ஒவ்வொரு கரண்டி எடுத்துச் சோத்துமேல ஊத்துவார், கோழிக் குழம்பு, மீன் குழம்பு, கருப்பா இருக்கற ஒரு மசாலா, எல்லாம் சேந்து ஒரு ருசி வரும் பாருங்க, கல்யாண வீட்ல மறுநாள் சுண்டக் குழம்பு சாப்பிட்டவங்களுக்குத் தான் அது புரியும். சோறு முங்கற அளவுக்கு வேணும்னா "பாஞ்சிர்", வெள்ளம்னு அர்த்தம். கையால பிசைஞ்சு சாப்பிடுங்க, எல்லாரும் அப்படித்தான் சாப்பிடறாங்க, ஸ்பூனைத் தேடாதீங்க.

இப்ப எச்சரிக்கை ரெண்டு. முதல் தடவை போனப்போ எனக்கு எல்லாமே வேணும்னு தோணுச்சு, பெரிய இறால் ஒண்ணு, மீன் சினை ஒரு துண்டு, கணவாய், கோழின்னு காட்டிக்கிட்டே போனேன், அவரும் வச்சுக்கிட்டே போனார், கடைசில நாப்பது வெள்ளிக்கு மேல பில்லு. கடையைக் குத்தம் சொல்லல, இறாலும் சினையும் எங்க போனாலும் விலைதான், கேக்காம கை நீட்டினது நான். அதனால கடல் ஐட்டத்தை மட்டும் கரண்டி தொடறதுக்கு முன்னாடியே "பெராப்பா"ன்னு கேட்டுருங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

ரெண்டாவது, மாட்டுக்கறி சாப்பிடாதவங்க. "டாகிங்"னு எழுதியிருந்தா இங்க பொதுவா மாடுதான். நீங்க கோழிதான் வாங்கினேன்னு நிம்மதியா இருப்பீங்க, ஆனா ச்சம்பூர்னு சொன்னதுல டாகிங் குழம்பும் ஒரு கரண்டி சேந்திருக்கும். முன்னாடியே "டாகிங் குழம்பு வேணாம் பாய்"னு தமிழ்ல சொல்லுங்க, இல்லன்னா "தா மாவ் கூவா டாகிங்". கரண்டி சட்டிக்குச் சட்டி மாறிக்கிட்டேதான் இருக்கும், அதையே பெருசா பாக்கறவங்களுக்கு நாசி கண்டார் ஒத்து வராது, நேர்மையா சொல்லிடறேன்.

எங்க போறது? கேம்பல் ஸ்ட்ரீட்ல ஹமீதியா, 1907லருந்து இருக்கு. பினாங்கு ரோட்டுல சந்துக்குள்ள லைன் கிளியர். ராத்திரி ஆளுங்களுக்கு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஒட்டி பெராத்தூர், அந்தப் பேருக்கே வரிசைல நிக்கறதுன்னு தான் அர்த்தம், நிக்கவும் வேணும். எது பெஸ்ட்னு இங்க யார்கிட்டயும் கேட்டுடாதீங்க, டீ ஆறிப் போற வரைக்கும் சண்டை போடுவாங்க.

மூணு மணி வெயிலுக்கு

இந்த நேரத்துல சோறு வேணாம், உள்ள குளிர்ச்சியா ஏதாவது போகணும். லெபு கெங் குவீன்னு ஒரு குட்டித் தெரு, பினாங்கு ரோட்டுலருந்து பிரியும், அங்க 1936லருந்து செண்டோல் விக்கறாங்க. பாண்டான் போட்ட பச்சை மாவுப் புழு, (புழுன்னு சொன்னதுக்கு மன்னிக்கணும், பாக்க அப்படித்தான் இருக்கும்) சிவப்பு ராஜ்மா, தேங்காப்பால், சீவின ஐஸ், மேல குலா மெலாக்கா. குலா மெலாக்கான்னா நம்ம கருப்பட்டிக்குச் சொந்தம், புகை வாசனை லேசா வரும். தெக்கத்தி ஆளா இருந்தா முதல் ஸ்பூன்லயே வீட்டு ஞாபகம் வந்துரும்.

இன்னொண்ணு ஜாதிக்கா ஜூஸ். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க காலத்துல மசாலா வியாபாரத்துக்காக இங்க ஜாதிக்காத் தோட்டம் போட்டாங்க, பாலிக் புலாவ் பக்கம் இன்னும் மரங்க இருக்கு. நாம கொட்டையை மட்டும் பாயசத்துல உரசிப் போடுவோம், இவங்க மேல இருக்கற சதையை ஜூஸ் போட்டுடறாங்க. முதல் வாய் இருமல் மருந்து மாதிரி இருக்கும், விட்டுடாதீங்க, மூணாவது வாய்ல பிடிச்சுரும். புளிப்பு வேணும்னா அம்ரா ஜூஸ், அதாவது இலங்கைல அம்பரெல்லான்னு சொல்ற காய், அதுல உப்புப் போட்ட காஞ்ச பிளம் ஒண்ணு மிதக்கும், "ஆசாம் போய்"னு பேரு. வேர்த்துக் கொட்டற அன்னைக்கு அதுக்கு ஈடே கிடையாது.

அப்படியே 204 பஸ்ல ஏறி ஏர் ஈத்தம் போங்க, கொடிமலைக்கு, அதாவது பினாங்கு ஹில்லுக்குப் போற அதே பஸ்தான். அங்க ஆசாம் லக்சா சாப்பிடணும். கானாங்கெளுத்தி மீனை வேகவச்சு உதுத்து, புளியும், குடம்புளிக்குப் பங்காளியான இன்னொரு காஞ்ச புளியும் போட்டுக் கொதிக்கவச்ச ரசம், உள்ள தடியா அரிசி நூடுல்ஸ், மேல புதினா, அன்னாசி, வெள்ளரி, வெங்காயம், பூங்கா கந்தான்னு ஒரு இஞ்சிப் பூவை நறுக்கிப் போடுவாங்க. ஒரு ஸ்பூன்ல கருப்பா கெட்டியா ஒண்ணு வரும், ஹே கோ, இறாலைப் புளிக்கவச்சுச் செஞ்ச விழுது. அதைத் தனியா மோந்து பாக்காதீங்க! நேரா ரசத்துல கலக்கிருங்க. நம்ம மீன் குழம்பும் ரசமும் கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்கும்னு ஃப்ரெண்டு ஒருத்தன் சொன்னான், எனக்கு அதுக்கு மேல சொல்லத் தெரியல. கேஎல் பக்கம் லக்சான்னு கேட்டா பல கடைல தேங்காப்பால் போட்ட வேற ஒண்ணு வரும், அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

ராத்திரி வண்டிக் கடைங்க

சாயங்காலம் ஆறு ஆறரைக்கு மேலதான் நியூ லேன், கிம்பர்லி ஸ்ட்ரீட், சூலியா ஸ்ட்ரீட் எல்லாம் கண்ணு முழிக்கும். ஒவ்வொரு வண்டியும் ஒரே ஒரு பண்டம்தான் செய்யும், அதையே இருபது முப்பது வருஷம் செஞ்சுக்கிட்டு இருப்பாங்க. வாரத்துல எந்த நாள் லீவுன்னு அவங்களுக்குத்தான் தெரியும், அதனால ஒரே கடையை நம்பிப் போகாதீங்க, தெருவை நம்பிப் போங்க. தட்டும் சின்னதாத்தான் இருக்கும், மூணு பேரா போய் அஞ்சு ஐட்டம் வாங்கிப் பகுந்து சாப்பிடறதுதான் கணக்கு. தனியா போனா ரெண்டோட வயிறு நிக்கும்.

சார் குவாய் தியாவ் கட்டாயம். தட்டையான அரிசி நூடுல்ஸ், இறால், முட்டை, முளைகட்டின பயறு, சின்னச் சிப்பி, எல்லாத்தையும் ஒரு தட்டு ஒரு தட்டா பெரிய தீல பொரட்டி எடுப்பாங்க. பத்துத் தட்டை ஒண்ணா போட்டுக் கிண்டற கடைன்னா எழுந்து வந்துருங்க, அந்தப் புகை வாசனை ஏறாது. சீனக் கடைல பன்னிக் கொழுப்புல வதக்குவாங்க, வேணாம்னா முஸ்லிம் கடைல இதையே கேளுங்க, கிடைக்கும். அப்புறம் ஹொக்கியன் மீ. கேஎல்ல இந்தப் பேருக்குக் கருப்பா வறுத்த நூடுல்ஸ் வரும், பினாங்குல அது இறால் தலையைக் கொதிக்கவச்ச செகப்பு சூப்பு. தெருக்கடைங்கள்ல வெளிநாட்டுக்காரங்க முக்கிய சமையல்காரரா இருக்கக் கூடாதுன்னு பினாங்கு அரசு 2016லருந்து விதி போட்டிருக்கு, கைப்பக்குவம் மாறிடக் கூடாதாம். நம்மள மாதிரி வேலைக்கு வந்தவங்களுக்குக் கேக்கக் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும், ஆனா தட்டு முன்னாடி வந்ததும் வாயை மூடிக்கிறோம்.

கர்னி டிரைவ் கடலோரத்துலயும் படாங் கோத்தாலயும் பாசெம்போர் பாருங்க. வடை மாதிரி, போண்டா மாதிரி, இறால் ஒட்டின பஜ்ஜி மாதிரி வரிசையா அடுக்கி வச்சிருப்பாங்க, நீங்க பொறுக்கி எடுக்கணும், வெட்டி வெள்ளரி போட்டு சக்கரவள்ளிக் கிழங்கும் கடலையும் போட்ட இனிப்புக் காரக் குழம்பை ஊத்துவாங்க. இதுவும் நாசி கண்டார் மாதிரிதான், எடுக்க எடுக்க பில்லு ஏறும். மூணு துண்டோட கையைக் கட்டிக்கங்க.

சைவக்காரங்களுக்கு ஒரு விஷயம். காய்தானேன்னு கீரை வாங்கிடாதீங்க, பெலாச்சான்னு இறால் விழுது போட்டுத்தான் பெரும்பாலும் வதக்கறாங்க. சீன சைவக் கடைங்க நிறைய இருக்கு, அங்க எல்லாமே சைவம்தான், பூண்டு வெங்காயம்கூடப் போட மாட்டாங்க பல எடத்துல. இல்லன்னா லிட்டில் இந்தியா இருக்கவே இருக்கு. தைப்பூசத்துக்கு இங்க இருந்தீங்கன்னா தண்ணீர்மலைக்குப் போற ரோடு பூரா பந்தல் போட்டுச் சோறும் மோரும் சும்மாவே கொடுப்பாங்க, அன்னைக்கு சைவம் தேட வேண்டியதே இல்ல.

கடைசியா டுரியான்

மே கடைசிலருந்து ஆகஸ்ட் வரைக்கும் இருந்தா மட்டும் இதைப் படிங்க. பாலிக் புலாவ்ங்கறது தீவோட அந்தப் பக்கம், மலையைச் சுத்திப் போகணும், ரோட்டோரமா தோட்டக்காரங்களே கடை போட்டிருப்பாங்க. இங்க டுரியானைப் பறிக்கறது இல்ல, பழுத்துத் தானா விழறதைக் காலைல பொறுக்கிட்டு வர்றாங்க, அதனால காலைல போறது நல்லது. முள்ளுத் தோலோட சேத்துத்தான் எடை, கிலோ எவ்ளோன்னு வெட்டறதுக்கு முன்னாடி கேளுங்க. முசாங் கிங்குங்கற ரகத்துல எடுத்ததும் ஆரம்பிக்காதீங்க, விலையும் ஜாஸ்தி, நாக்குக்கும் புரியாது. கம்போங் டுரியான்னு நாட்டுப் பழம் ஒண்ணு வாங்கி இனிப்புலருந்து ஆரம்பிச்சு, அப்புறம் ஆங் ஹேங்கற ரகம், கடைசில கசப்பு ஏறின பழம், அப்படிப் போங்க. கடைலயே வெட்டித் தருவாங்க, சுளை சரியில்லன்னா சொல்லுங்க, நல்ல கடைன்னா மாத்தித் தருவாங்க. பலாப்பழம் மாதிரி இருக்கும்னு நினைச்சுப் போகாதீங்க, பலாவோட சுளை இது இல்ல, வெண்ணெய் மாதிரி கையிலயே கரையும்.

சாப்பிட்டா உடம்பு சூடுன்னு கூடவே மங்குஸ்தான் சாப்பிடச் சொல்லுவாங்க, தண்ணி அடிச்சுட்டு டுரியான் தொடக் கூடாதுன்னும் எல்லாரும் சொல்றாங்க, எதுக்கு வம்பு, நான் அந்தப் பக்கமே போனதில்ல. கை வாசனை போக வெறும் ஓட்டுக்குள்ள தண்ணி ஊத்தி அதுல கையைக் கழுவணும்னு கடைக்கார ஆண்ட்டி காட்டித் தருவாங்க. போகுதோ இல்லையோ தெரியாது, செஞ்சு வையுங்க. மீதிப் பழத்தை மட்டும் புங்குஸ் பண்ணி ரூமுக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க, லிஃப்ட்ல ஏறும்போதே கண்டுபிடிச்சுருவாங்க, ஹோட்டல்ல இருக்கவங்களுக்கு ஃபைன், கான்டோல இருக்கவங்களுக்குப் பக்கத்து வீட்டு சண்டை.